மூன்றாம் குழாயின் அம்பு

மார்ச் 3, செவ்வாய்

பின்னறை ஃபிரிட்ஜ் காலையிலிருந்து முனகுகிறது. மெக்கானிக் வந்தார். செருப்போடு உள்ளே வந்தவரை வெளியே அனுப்பி மறுபடி வரவைத்தேன். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, ஃபிரிட்ஜுக்குள்ள பைப்பு நிக்குது?"

"சேறு."

"சேறா?"

"ஏரிச் சேறு. பழையது."

"வெளில இருந்தா கெட்டுப்போயிடுமா?"

கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் சரியான கேள்வி. காய்ந்தால் வெடிக்கும். சூடுபட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் கடைகளில் குளிர்பானம் வைக்கும் இந்தக் கண்ணாடிக் கதவுப் பெட்டியை என் கணவர் வாங்கி, தட்டுகளைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார். உள்ளே ஆறு குழாய்கள் நிற்கின்றன, ஏரியடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கி எடுத்தவை. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர், நெடுக்காக இரண்டாய் அறுத்ததில் ஒரு பாதி. ஏரியின் அடியில் எட்டாயிரம் வருடமாகப் படிந்த சேறு. இந்தப் பெட்டியில் ஓர் எலுமிச்சம்பழம்கூட நான் வைத்ததில்லை. அவர் போன பிறகும்.

"காயலான் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்கம்மா" என்றார். பழுது பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்றேன். பார்த்தார்.

மார்ச் 4, புதன்

நான்கு டிகிரி. முனகல் நின்றது.

மார்ச் 9, திங்கள்

இயக்குநர் பேசினார். என் கணவரின் முதல் மாணவர். இப்போது அவர் வேலை பார்த்த ஆய்வு நிலையத்துக்கே தலைவர். தலை நரைத்த பிறகும் என்னிடம் பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"அம்மா, ஒரு நல்ல சேதி. புது குளிரறை முடியப்போகுது. சார் பேரை வைக்கலாம்னு இருக்கோம். ஜூலைல திறப்பு."

"யோசித்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு அலமாரிப் புத்தகங்களையெல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினேன். இந்த வயதில் செய்கிற வேலையா? கை சும்மா இருக்க மறுத்தது.

கதவில் அவர் பெயர். முன்னெழுத்துக்குப் பின்னால் புள்ளி வைப்பார்களா, விட்டுவிடுவார்களா? கேட்கவேண்டும்.

வீட்டுக் குழாய்களும் அங்கே போகவேண்டுமாம். நியாயம்தான். அதற்கு முன் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து பார்ப்பாளாம்.

மார்ச் 12, வியாழன்

வந்தாள். நகக்கண்ணில் கறுப்பு. பேன்ட் முழங்காலில் காய்ந்த சேறு. வாசலிலேயே, "ஹலோ ஆன்ட்டி."

"நான் யாருக்கும் ஆன்ட்டி இல்லை."

"சரி மேடம்."

உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள். அது பிடித்தது. நிலையத்தில் இருந்த வேலைப் பாதிகள், அதாவது வெட்டியும் சுரண்டியும் சோதனை செய்த மறு பாதிகள், பழைய குளிரறை நின்றுபோன வருடமே காய்ந்து பொடியாகிவிட்டன. மிச்சம் இருப்பது என் வீட்டுக் காப்புப் பாதி மட்டும். அதிலிருந்து அரைச் சாண் இடைவெளியில் விதை, இலைத் துணுக்கு என்று பொறுக்கிக் கார்பன் முறையில் வயது பார்க்கவேண்டுமாம்.

"வயது பார்த்தாகிவிட்டதே. அவர் கட்டுரையில் இருக்கிறது."

"குழாய்க்கு ஒண்ணுதான் மேடம் பாத்திருக்கார். நடுவுல ஒரே ஒரு இடம். அப்போ ஒரு தேதிக்கே கை நிறைய சேறு வேணும், செலவும் அதிகம். இப்போ ஒரு விதை போதும்."

காப்புப் பாதி என்றால் தொடக்கூடாத பாதி. அது அவர் வைத்த விதி. அப்படியே சொல்லி அனுப்பினேன். காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

சேற்றுப் பெண்.

மார்ச் 13, வெள்ளி

எதற்காக அப்படித் தட்டிக்கழித்தேன்?

அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தது நான். அவருடைய ஆங்கிலத்தில் கமாக்கள் மழையில் தவளைபோல எங்கு வேண்டுமானாலும் குதிக்கும். பிடித்து உட்காரவைத்ததும் நான்தான். ஆகவே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மனிதன் புகைபோக்கி கட்டுவதற்கு முன்பும் தட்பவெப்பம் மாறியிருக்கிறது. சூரியன் கொஞ்சம் மங்கும், கொஞ்சம் பிரகாசிக்கும். பூமி தன் சாய்வை மெல்ல மாற்றிக்கொள்ளும், சுற்றுப் பாதையையும் மாற்றிக்கொள்ளும்; அதற்குப் பல்லாயிரம் வருடம் பிடிக்கும். கடல் நீரோட்டம் திசை மாறும். எரிமலை வெடித்தால் மேலே போன புழுதி வெயிலை மறைக்கும். இவற்றில் எது எப்போது நடந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பனிக்கட்டியும் மரவளையமும் ஏரிச் சேறும் எழுதிவைத்திருக்கின்றன. ஏரி நிறைந்திருந்த காலத்துச் சேறு கறுப்பு. வற்றிய காலத்துச் சேறு உப்பும் சுண்ணாம்புமாக வெள்ளை.

மூன்றாம் குழாயில்தான் அவருடைய வாழ்க்கை. அடியில் கறுப்பு. அதன்மேல், கத்தி வைத்து வெட்டினதுபோல், வெள்ளை. பிறகு மேலே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல், மறுபடி கறுப்பு. ஒரே அடியாக வறட்சி வந்தது, முந்நூறு வருடத்தில் மெல்ல விலகியது என்று படித்தார். "சூரியனும் பூமியும் மெதுவா வேலை செய்யற ஆளுங்க. இப்படிக் கத்தி வைக்கமாட்டாங்க. இது எரிமலை." சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே சொல்வார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எரிமலைப் புழுதி இரண்டு மூன்று வருடத்தில் அடங்கிவிடும், முந்நூறு வருட வறட்சி எப்படி வரும்? சேற்றில் எரிமலைச் சாம்பல் எங்கே? வேறெந்த ஏரியிலும் இப்படி இல்லையே? பின்னால் பேசும்போது அவருக்கு 'எரிமலைக்காரர்' என்று பெயர். ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் என் காதிலேயே விழுந்தது. அவர் கடைசிவரை அந்தக் கத்திக் கோட்டைக் காட்டிக்கொண்டே இருந்தார். இது எப்படி வந்தது, சொல்லுங்கள். யாரும் சொல்லவில்லை.

ஒரு தேதி. ஒரே ஒரு தேதி. போதாதா?

மார்ச் 15, ஞாயிறு

மகன் வந்தான். பாதி ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, "பாக்கட்டுமேம்மா. அப்பா சொன்னது சரின்னா இன்னும் உறுதியாகும். உனக்கு என்ன பயம்?"

"பயமா? எனக்கா?"

"இல்ல, ஃபிரிட்ஜுக்கு."

வாய் அப்படியே அப்பா.

போகும்போது இன்னொன்று சொன்னான். கீழ்வீட்டுக்காரர் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் என் கணவரின் கட்டுரையைப் போட்டு, 'நம் மாடியில் வாழ்ந்த விஞ்ஞானியே சொல்லிவிட்டார், தட்பவெப்ப மாற்றம் இயற்கை' என்று எழுதியிருக்கிறாராம். இரண்டு கார் வைத்திருக்கிறார், இரண்டையும் காலையில் சும்மா உறுமவிடுகிறார். படியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். போன தடவை உங்கள் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்தது, இயற்கை. இந்தத் தடவை என் தண்ணீர்க் குழாயை நான் மூடாமல் விட்டு உங்கள் கூரை ஒழுகினால் அதையும் இயற்கை என்று எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "குழாயை மூடிட்டீங்கள்ல?" என்று மேலே பார்த்தார்.

மார்ச் 17, செவ்வாய்

திரைச்சீலைகளைத் துவைத்தேன். நேற்றும் துவைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

என்ன பயம்? தேதி மாறினால் மாறட்டும். நூறு வருடம் முன்னே பின்னே போகும், அவ்வளவுதானே. கதவில் பெயர் போட்ட பிறகு, இந்த வீட்டுக்காரி சோதனைக்குக் கொடுக்க மறுத்தாள் என்று நாலு பேர் பேசினால் அந்தப் பெயருக்கு என்ன மரியாதை?

சேற்றுப் பெண்ணைக் கூப்பிட்டேன். கையைக் கழுவவேண்டும். காலணி வெளியே. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்திருப்பேன், அதில் கறை படக்கூடாது.

"சேறு மேடம் அது."

"தெரியும்."

மார்ச் 24, செவ்வாய்

வெள்ளைத் துணியில் கறை படவில்லை.

குழாய்களைப் படுக்கவைத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தபோது அந்த வாசனை வந்தது. அழுகிய முட்டையும் புது மழையும் கலந்த மாதிரி. அவர் சட்டையில் இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் இருக்கும். ஜன்னலைத் திறக்கப் போகிறவள்போல எழுந்து போனேன்.

அவள் கை நல்ல கை. இடுக்கியால் எடுப்பதே தெரியவில்லை. பூதக்கண்ணாடியில் ஒரு விதையைக் காட்டினாள். கோரை விதை. எலிப் பல்லைவிடச் சின்னது. ஏதோ ஒரு வருடம் கரையோரத்தில் காய்த்து, காற்றில் விழுந்து, மூழ்கி, நாலாயிரம் வருடம் கழித்து என் சாப்பாட்டு மேஜையில்.

மூன்றாம் குழாய்க்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"இந்த அம்புக்குறி யார் போட்டது மேடம்?"

ஒவ்வொரு குழாயிலும் எது மேல்பக்கம் என்று காட்ட ஓர் அம்பு உண்டு. ஏரியில் குழாயை இறக்கி, சேற்றோடு இழுத்து எடுத்த உடனே, கையில் இருக்கும்போதே போட்டுவிடவேண்டும். கீழே வைத்துவிட்டால் இரண்டு முனையும் ஒன்றுதான்.

"அவர்தான். இப்படி இறகு வைத்து அம்பு போட வேறு யாருக்கும் பொறுமை கிடையாது."

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, திங்கள்

அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

இயக்குநர் அழைப்பிதழ் மாதிரி அனுப்பினார். மூன்று பிழைகள். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி இருக்கிறது. திருத்தி அனுப்பினேன். விழாவுக்கு அந்தச் சாம்பல் நிறப் புடவையையே உடுத்திக்கொள்ளலாம்; அவருக்குப் பிடிக்கும்.

ஏப்ரல் 27, திங்கள்

ஒன்றுமில்லை. நான்கு டிகிரி.

மே 8, வெள்ளி

தேதிகள் வந்துவிட்டனவாம். "போன்ல வேணாம் மேடம், நேர்ல வரேன்."

நல்ல சேதியை யாரும் நேரில் வந்து சொல்வதில்லை.

மே 9, சனி

வந்தாள், உட்காரவில்லை. ஒரு காகிதத்தில் ஆறு கட்டம் போட்டு வயதுகளை எழுதினாள். முதல் குழாய், இரண்டாவது: கீழே போகப்போக வயது கூடுகிறது. நான்கு, ஐந்து, ஆறு: அதேபோல. பழைய சேறு அடியில், புதிய சேறு மேலே. அப்படித்தானே இருக்கவேண்டும்.

மூன்றில் மேலே பழையது. கீழே புதியது.

"மெஷின் தப்பா இருக்கும்."

"வேற லேபுக்கும் அனுப்பிட்டேன் மேடம். அதேதான்."

"அப்படின்னா விதை தப்பு. எங்கேயிருந்தோ உருண்டு வந்திருக்கும்."

"ஒண்ணு உருளலாம். ஒன்பதும் வரிசையா உருளுமா?" பிறகு, மெதுவாக, "குழாய் தலைகீழா இருக்கு மேடம். சேறு சரி. அம்புதான்..."

போன்னு சொல்லிட்டேன். போய்ட்டு வா, எனக்கு வேலை இருக்குன்னு. என்ன வேலை? ஒரு வேலையும் இல்ல. கதவைச் சாத்திட்டு அங்கேயே நின்னேன். அந்தப் பிள்ளை படியில இறங்கற சத்தம்கூடக் கேக்கல. வெளிப்பக்கம் அதுவும் நின்னுக்கிட்டிருந்திருக்கு.

மே 10, ஞாயிறு

யார்? அவரா? ஒரு கமாவுக்குச் சண்டை போடமாட்டார், ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கு நாள் முழுக்கச் சண்டை போடுவார். அவரா?

சேறு எடுத்த தெப்பத்தில் அன்று இரண்டு பேர்தான். அவரும், இன்றைய இயக்குநரும். அந்தக் காலத்துச் சோனிப் பையன். அவன் கொடுத்ததை வாங்கியிருப்பார். அவன்தான் புரட்டிக் கொடுத்திருப்பான்.

மே 11, திங்கள்

இயக்குநரைக் கூப்பிட்டுக் கேட்டேவிட்டேன். நிறைய நேரம் செருமினார்.

"குழாயை இழுத்தது நான்தான்மா. மழை கொட்டுது, தெப்பம் ஆடுது. ரெண்டு முனைக்கும் மூடி போட்டு அப்படியே கிடத்திட்டேன். சார் எழுதினார். எந்தப் பக்கம்னு கேட்டாரா, நான் சொன்னேனா... சத்தியமா ஞாபகம் இல்லம்மா."

பிறகு அவரே சொன்னார். அந்தப் பெண்ணின் கட்டுரை அவசரமில்லையாம், பெயர்ப்பலகை வைத்த பிறகு செப்டம்பரில் வரட்டுமாம். இன்னொரு யோசனையும் வைத்திருக்கிறார். ஏரியிலிருந்து வந்த குழாய்கள் அறுக்கப்படும்வரை எங்கள் பின்னறையில்தானே கிடந்தன? 'வீட்டில் வைத்திருந்தபோது இடம் மாறி, பிறகு குறிக்கப்பட்டிருக்கலாம்' என்று அதில் ஒரு வரி சேர்க்கலாமாம்.

"யாருக்கும் கஷ்டமில்லாமப் போயிடும்மா."

யாருக்கும்.

மே 13, புதன்

தலைகீழாக வைத்துப் பார்த்தேன்.

காலையில் கறுப்புக் காகிதக் கதவைத் திறந்து, மூன்றாம் குழாயை இரண்டு கையாலும் தூக்கி, புரட்டி நிறுத்தினேன். முதுகு இன்னும் வலிக்கிறது. இத்தனை காலம் பார்த்த அதே சேறு. இப்போது அடியிலிருந்து கறுப்பு மெல்ல மெல்ல வெளிறுகிறது. சாம்பல். வெள்ளை. ஏரி ஒரு நாளில் வற்றவில்லை; பாட்டன் பார்த்த தண்ணீருக்கும் பேரன் பார்த்த தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு மெதுவாக வற்றியிருக்கிறது. பிறகு உச்சியில் கத்திக் கோடு. அது மழை. மழைதான் திடீரென்று திரும்பி வந்திருக்கிறது.

இரண்டு முனையிலும் கறுப்பு. அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கோடு நிஜம். கத்தி நிஜம். தொடங்கின இடம் என்று நினைத்தது முடிந்த இடம். எரிமலை இல்லை. அதற்கு வேலையே இல்லை.

அவர் இதைப் பார்த்திருந்தால் முதலில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார். பிறகு காகிதம் கேட்டிருப்பார்.

மே 14, வியாழன்

இயக்குநர் சொன்ன அந்த ஒரு வரி. நாள் முழுக்க அதையே சுற்றிச்சுற்றி வருகிறேன்.

எழுதிக்கொள்ளட்டுமே. வீட்டில் மாறிவிட்டது. வீட்டுக்காரி துடைக்கிறேன் பெருக்குகிறேன் என்று புரட்டிவிட்டாள். படிக்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவர் பெயர் கதவில் ஏறும். எனக்கு என்ன போயிற்று?

எனக்கு எல்லாம் போயிற்று. இந்த வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினால் எனக்குத் தெரியும். மின்சாரம் நின்ற நாளில் பனிக்கட்டி வாங்கி வந்து அடுக்கியவள் நான்.

ஆனால் அவருக்காக என்றால்? ஒரு பழி தாங்கமாட்டேனா? தாங்கலாம். தாங்கலாம்தானே?

மே 15, வெள்ளி

அம்பைப் பார்க்கப் போனேன். வேறொன்றுக்கும் இல்லை, அவர் கையெழுத்து என்பதற்காக.

ஐந்து குழாய்களில் மை கூர்மையாக இருக்கிறது. மூன்றாவதில் அம்பின் இறகு கலைந்திருக்கிறது. வட்ட வட்டமாக, நடுவில் வெளுத்து, விளிம்பில் கறுத்து. சொட்டுகள். கையெழுத்து வகுப்பில் மசி எழுத்தின்மேல் கண்ணீர் விட்டவளுக்கு, அதுவும் அடிக்கடி விட்டவளுக்கு, இது என்ன என்று யாரும் சொல்லித்தரவேண்டாம். மை காய்வதற்குள் தண்ணீர் விழுந்திருக்கிறது.

எங்கள் பின்னறை ஒருநாளும் ஒழுகியதில்லை.

மழையில், தெப்பத்தில், மை ஈரமாக இருக்கும்போதே போட்ட அம்பு. வீட்டுக்கு வருமுன்பே தலைகீழ். அந்தச் சாயங்காலத்து மழை இன்னும் குழாயின்மேல் இருக்கிறது. இதைத்தானே வாழ்நாள் முழுக்க அவர் செய்தார்? பெய்து போன மழையை, அது விட்டுப்போன தடத்தை வைத்துக் கண்டுபிடிப்பது.

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

மே 16, சனி

கான்வென்டில் கையெழுத்து சிஸ்டர் தப்பான எழுத்தைப் பிளேடால் சுரண்ட விடமாட்டார். ஒருமுறை நான் சுரண்டி, அதன்மேல் அழகாக எழுதிக் காட்டினேன். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "ஒரே கோடு போடு. அடிச்சது தெரியணும். அடியில என்ன இருந்ததுன்னும் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுது." வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

இயக்குநர் சொன்ன வரி சுரண்டல்.

அதுவும் இல்லாமல், சாவியைத் தொலைத்தது ஒன்றைத் தவிர அவர் தன் தப்பு எதையும் என் தலையில் கட்டினதில்லை. இப்போது போய் அவருக்காக நான் கட்டிக்கொண்டால் கோபித்துக்கொள்வார்.

சேற்றுப் பெண்ணைக் கூப்பிட்டேன். "கட்டுரையை எப்போது அனுப்புகிறாய்?"

"டைரக்டர் செப்டம்பர்னு..."

"ஜூனில் அனுப்பு. முதலில் என்னிடம் காட்டு."

மே 30, சனி

காட்டினாள். வாக்கியங்கள் பரவாயில்லை. 'வீட்டில் வைத்திருந்தபோது' வரியும் இருந்தது. நான் சிவப்பு மையை எடுத்ததைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் எழுதலம்மா. எழுதச் சொன்னாங்க."

அம்மா என்றாள். திருத்தவில்லை.

அந்த வரியின்மேல் ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்: மூன்றாம் குழாயின் மேல்பக்கம், அது எடுக்கப்பட்ட அன்றே, மழையின்போது, தெப்பத்தில் தவறாகக் குறிக்கப்பட்டது, குறியின் மைமேல் மழைத்துளிகளின் தடம் உள்ளது. குறித்தவர் முந்தைய கட்டுரையின் ஆசிரியரே.

"இது வந்தா குழாய்க்கு மட்டும் இல்ல, சார் பேருக்கும்..." என்றாள்.

"தெரியும்."

பிறகு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தாள். வேறு வேறு நாட்டு ஏரிகள் ஐந்து. எல்லாவற்றிலும் அதே காலத்தில், மெதுவாக, அதே வறட்சி. இவருடைய ஏரியை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்வதில்லையாம். கோணலாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்களாம். இப்போது நிமிர்த்தி வைத்தால் ஆறாவது கோடு மற்ற ஐந்தின்மேல் படிகிறது.

"எதனால?"

"சூரியன் மங்கினதா, கடல் மாறினதா, இன்னும் தெரியலம்மா. ஆனா அவ்வளவு மெதுவா மாறினதுக்கே ஏரி வத்தியிருக்கு. இப்ப நாம பண்றது இதைவிட வேகம்."

அந்தப் படத்தின் ஒரு பிரதியைக் கீழ்வீட்டுக்காரர் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ஒன்றும் எழுதாமல்.

ஜூன் 12, வெள்ளி

அனுப்பிவிட்டாளாம்.

ஜூன் 23, செவ்வாய்

இயக்குநர். செருமல். குழு கூடியதாம். பெயர் விஷயத்தை "கொஞ்சம் தள்ளிவைக்கலாம்" என்று சிலர்.

"சொல்லவேண்டியதில்லை. புரிகிறது."

"நான் எவ்வளவோ சொன்னேன்மா. நான் அன்னிக்கு அந்தத் தெப்பத்துல..."

"மழை பெய்தது. அவ்வளவுதான். நீங்கள் குளிர் தாங்கமாட்டீர்கள், மறுநாள் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சி கொடுத்தது நான்தான்."

இந்த முறை செருமாமலே போனை வைத்தார்.

புள்ளி வைத்த அழைப்பிதழ் வீணாகிவிட்டது. அழுதேனா? ஆமாம். இங்கே எழுதலாம்.

ஜூலை 11, சனி

திறப்பு. சாம்பல் நிறமே உடுத்தினேன். மகன் கூட்டிப்போனான்.

கதவில் 'குளிரறை' என்று இருக்கிறது. அவ்வளவுதான். எழுத்து நன்றாக இருக்கிறது.

உள்ளே நல்ல குளிர். எங்கள் ஆறு குழாய்களும் முதல் வரிசையில். மூன்றாவதைப் படுக்கவைத்திருந்தார்கள். சேற்றுப் பெண் இன்று நகத்தைச் சுத்தமாக வெட்டியிருந்தாள். ஒரு பேனாவை என் கையில் கொடுத்தாள். "நீங்க போடுங்கம்மா."

"நானா?"

"வேற யாரு போட்டாலும் கோடு கோணலாப் போகும்."

அவருடைய அம்பின்மேல் ஒரே கோடு போட்டேன். இறகும் சொட்டும் எல்லாம் தெரிகிறது. பக்கத்தில், எதிர்ப்பக்கம் பார்த்து, என் அம்பு. இறகு இல்லாமல். கை குளிருக்குக் கொஞ்சம் விறைத்திருந்தது.

கீழே தேதி போட்டேன். அவர் பெயரின் முன்னெழுத்தும். புள்ளியோடு.

ஜூலை 13, திங்கள்

காலையில் பழக்கத்தில் பின்னறைக்குப் போய் டிகிரி பார்த்தேன். நான்கு. உள்ளே ஒன்றுமில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லலாம். கறுப்புக் காகிதத்தை ஓரத்தில் உரித்தேன். மற்றோர் ஓரத்தையும்.

ஜூலை 14, செவ்வாய்

இன்று அதில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்தேன். மாலையில் எடுத்துக் குடித்தேன். பல் கூசியது.

இவ்வளவு குளிரிலா வைத்திருந்தோம்?